முட்டத்தில் ஓரா மேய்கிறது

எங்கள் வீட்டுக்குள் முட்டைகூட நுழைந்ததில்லை. ஆனாலும் மூன்று வருஷமாக நான் மீன் வரைந்துதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சென்னையில் சோப்பு லேபிளும் ஊதுபத்தி அட்டையும் வரைந்துகொண்டிருந்தவனை ஒரு விலங்கியல் பேராசிரியர் பிடித்துப்போனார். நம் கடற்கரை மீன்களைப் பற்றி அவர் எழுதும் புத்தகத்துக்கு வண்ணப் படங்கள் வேண்டும். கல்லூரியில் கண்ணாடிச் சாடிகளில் பார்மலின் ஊற்றி மீன்களை வைத்திருந்தார்கள். மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அவற்றைப் பார்த்து வரைவேன்.

முப்பதாவது படமாக ஓரா என்ற மீனைக் கொண்டுபோனேன். பேராசிரியர் அதை மேசைமேல் வைத்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“இது மீன் இல்லையப்பா. மீனின் பிரேதம்.”

சாடியில் இருந்தது அப்படித்தான் இருந்தது. காப்பிக் கறை நிறம், வெள்ளை விழுந்த கண். அவர் சொன்னார்: ஓரா செத்த நிமிஷமே நிறம் மாறும், பயந்தாலும் மாறும். பாறையில் பாசி மேயும்போது பார்த்தால்தான் அதன் நிறம் தெரியும். மற்ற மீன்களையும் நீ பிரேதமாகவே வரைந்திருக்கிறாயோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இந்த ஒன்றை உயிரோடு பார்த்து வரைந்து கொண்டுவா, இல்லாவிட்டால் புத்தகத்தில் படமே வேண்டாம், எல்லாவற்றுக்கும் போட்டோ போட்டுவிடுகிறேன் என்றார்.

மூன்று வருஷ உழைப்பு. மாசி மாதம் கடல் தெளிந்திருக்கும் என்றார்கள். சாடியையும் வண்ணப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு நாஞ்சில் நாட்டுக்குப் புறப்பட்டேன்.

அப்போது அது திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யம். ஆரல்வாய்மொழியில் எங்கள் பஸ்ஸை நிறுத்திச் சோதனை போட்டார்கள். என் சாடியை ஒரு சேவகர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“இது என்னது?”

“மீன்.”

“எங்கே உள்ள மீனு?”

“உங்கள் ஊர்க் கடல் மீன்தான்.”

அவர் சற்று யோசித்தார். “எங்க ஊரு மீனை மெட்ராஸிலேருந்து எங்க ஊருக்குக் கொண்டு வாறீரா?” என்று கேட்டு, பக்கத்தில் இருந்தவரையும் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேரும் சிரித்து முடிக்கும்வரை பஸ் நின்றது. முன் சீட்டில் இருந்த ஒருவர், “சீக்கிரம் நாங்களும் மெட்ராஸோடே சேந்திருவோம், பொறவு இந்தச் சோதனை ஒண்ணும் இருக்காது” என்று என்னிடம் உறுதி சொன்னார். நான் ஏதோ கவர்னர் மாதிரித் தலையாட்டினேன்.

கணவாயைத் தாண்டியதும் காற்றின் வாடையே மாறியது. இடதுபுறம் வயல், வலதுபுறம் மலை, எதிரே மறுபடி வயல். மெட்ராஸில் குழாயடியில் குடத்தோடு நிற்கிற எங்களுக்கு, ஒரு ஊரில் தண்ணீர் இப்படிச் சும்மா ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்கக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

நான் தங்கியது இரணியலில், செல்லையா என்ற பாத்திரக் கடைக்காரர் வீட்டு மாடியில். கல்லூரிக் கணக்கருக்கு அவர் மைத்துனர். அய்யாவழி மார்க்கத்துக்காரர். நெற்றியில் நெட்டுக்கு வெள்ளை நாமம், தலையில் துண்டு. கும்பிடும்போதும் அவர் துண்டை எடுக்கவில்லை. “எங்களுக்குத் தலைப்பா கட்டித்தான் கும்பிடணும்” என்றார். நான் மீனைத் தேடி வந்த சைவக்காரன் என்று கேட்டதும் அவர் முகத்தில் தோன்றிய பரிதாபம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

அன்று ராத்திரிச் சாப்பாடு தீயல். தேங்காயைக் கறுக வறுத்து அரைத்து, சின்ன வெங்காயம் முழுசாகப் போட்ட குழம்பு. நான் ஐந்து தரம் சோறு வாங்கினேன். காலையில் புட்டும் பயறும் பப்படமும், கூடவே விரல் நீளத்தில் மட்டி வாழைப்பழம். புட்டுக்குள் பழத்தைப் பிசைந்து சாப்பிடவேண்டும் என்று செல்லையாவின் மனைவி கதவுக்குப் பின்னால் இருந்தே உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் இட்லி என்னை மன்னிக்கட்டும்.

இரண்டாம் நாள் முட்டம் கடற்கரைக்கு பஸ் ஏறினோம். செல்லையா கடையைப் பூட்டிவிட்டே வந்தார். பாதி வழியில் எஞ்சின் புகைந்து நின்றது. ரேடியேட்டரில் தண்ணீர் இல்லை, பக்கத்தில் கிணறும் இல்லை. பின்னால் ஒரு அம்மாள் அக்கானிப் பானையோடு இருந்தாள். பதநீரைத்தான் இங்கே அக்கானி என்கிறார்கள். அதை ஊற்றினால் என்ன என்று ஒருவர் யோசனை சொன்னார்.

“ஊத்தினா எஞ்சினுக்குள்ளே கருப்பட்டி ஆயிரும், பொறவு நான் வண்டி ஓட்டண்டாம், கருப்பட்டி வித்துக்கிடலாம்” என்றார் டிரைவர்.

அக்கானியை நாங்கள் குடித்தோம். மடக்கிய பனையோலையில் அந்த அம்மாள் ஊற்ற ஊற்ற, கண்டக்டர் எங்களை வரிசையில் நிற்கவைத்தார். பிறகு எல்லோரும் இறங்கித் தள்ளினோம். இறக்கத்தில் வண்டி எங்களை விட்டுவிட்டு ஓடிப்போய், அடியில் ஒரு குளக்கரையில் நின்று காத்திருந்தது.

முட்டத்தில் மண் சிவப்பு. அந்தச் சிவப்பு மேட்டின்மேல் வெளிச்ச வீடு, கீழே கறுத்த பெரும் பாறைகள், அவற்றுக்கிடையே நீலம். வண்ணப் பெட்டியைத் திறக்காமலே எனக்குக் கை அரித்தது.

செல்லையாவுக்குப் பழக்கமான மீன்பிடிகாரர் ஒருவர் இருந்தார். சூசை என்று பெயர். நாற்பது வயசு, நல்ல உயரம். வந்த காரியத்தைச் சொன்னதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஓராவையா பாக்க வந்திய? இவ்வளவு தூரம்? ஒரு நெய்மீனைப் பாக்க வந்தேன்னு சொன்னாலும் மரியாதை உண்டு.”

அவர் மனைவி திரேசம்மாள் பனையோலைப் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். பிடிக்கிற கணவனைவிட விற்கிற மனைவிக்கு மீனைப் பற்றி அதிகம் தெரியும் என்பது அன்றே புரிந்தது. “ஓரா பாசி தின்னக்கூடிய மீனு. பிடிச்ச உடனே குடலை எடுக்கணும். இல்லாட்டி கறியெல்லாம் பாசி மணம் அடிக்கும்” என்றாள். ஒன்றை அறுத்துக் காட்டினாள். உள்ளங்கை அகல மீனுக்குள்ளிருந்து குடல் வந்துகொண்டே இருந்தது, நூற்கண்டு பிரிவதுபோல. மாட்டுக்கு நீளக் குடல் எதற்கோ, அதற்காகத்தான் இதற்கும். புல் செரிக்க நேரமாகும். குடலுக்குள் பச்சையாக அரைத்த பாசி தவிர வேறொன்றும் இல்லை. நான் மூக்கைப் பொத்தாமல் அவ்வளவு நேரம் குனிந்து பார்த்தது எனக்கே பிறகுதான் உறைத்தது.

“சார் மீன் தின்ன மாட்டாங்களாம்” என்று செல்லையா சொன்னார்.

திரேசம்மாள் அறுத்த ஓராவையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள். “அப்போ ரெண்டு பேருக்கும் ஒரே பந்தியிலே இலை போடலாம்” என்றாள்.

அந்தச் செத்த ஓராவையே ஒரு கோட்டோவியமாகப் போட்டேன். தலை, வால், முதுகில் பதின்மூன்று முள், வாலடியில் ஏழு. பேராசிரியரின் குறிப்பில் இருந்த எண்ணிக்கை. சூசை எட்டிப் பார்த்து, “கொள்ளாம்” என்றார்.

மனசு ஒடிந்துபோனது. கொள்ளாது என்கிறாரே. காகிதத்தை நாலாகக் கிழித்தேன். சூசை திகைத்துப்போனார்.

“ஏன் கிழிச்சிய? கொள்ளாம்னுல்ல சொன்னேன்.”

“அதனால்தான் கிழித்தேன்.”

செல்லையா தலையில் அடித்துக்கொண்டு, கொள்ளாம் என்றால் இங்கே நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் என்றார். கிழிந்த துண்டுகளைச் சூசை பொறுக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் விடிந்ததும் தூண்டில். புழு வைத்தால் ஓரா திரும்பிப் பார்க்காதாம். மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கை அவித்துப் பிசைந்து, பாசியோடு உருட்டித் தூண்டிலில் வைத்தார் சூசை. மிச்சக் கிழங்கை எனக்கு மிளகாய்ச் சம்பலோடு கொடுத்தார். நானும் ஓராவும் ஒரே நேரத்தில் ஒரே கிழங்கைச் சாப்பிட்டோம். எனக்குத் தூண்டில் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டு சிக்கின. கோணித்துணியைச் சுற்றிப் பிடித்து, ஒரு பாறைக் குழியில் தேங்கியிருந்த கடல் தண்ணீரில் விட்டார். தண்ணீர் கண்ணாடி மாதிரி. ஆனால் மீன்கள் பயத்தில் உடம்பெல்லாம் திட்டுத்திட்டாகக் கறுத்து, அடியில் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டன. அரைமணி நேரம் காத்திருந்தேன். ஒன்று என் பக்கம் வாலைக் காட்டியே நின்றது. சற்றே திருப்பிவிட்டால் போதும் என்று தோன்றியது. சூசை வலையை உதறப் போயிருந்தார். நான் கையை விட்டேன்.

வலது கை. கட்டைவிரல் அடியில் ஊசி ஏறியதுபோல் முதலில் ஒன்று. ஒரு மூச்சு விடுவதற்குள் அது ஊசி இல்லை, பழுக்கக் காய்ச்சிய கம்பி. மணிக்கட்டு, முழங்கை, அக்குள் என்று அது ஏறிக்கொண்டே போனது. நான் பாறையில் உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டு, அதை யாருடைய கையோபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். வலி ஒரு பக்கம். தூரிகை பிடிக்கும் கை இதுதானே என்ற பயம் அதைவிட அதிகம்.

செல்லையா ஓடிவந்து பார்த்து, “நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் போவோம்” என்றார். அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. சூசை வலையைப் போட்டுவிட்டு வந்து, என் மறுகையைப் பிடித்துக்கொண்டு மேலே தன் குடிலுக்கு நடத்திப்போனார்.

“ஏட்டி, கஞ்சி வெள்ளம் கொதிக்கா?”

“கொதிக்கு. என்னத்துக்கு?”

“சாருக்கு ஓரா குத்திட்டு.”

திரேசம்மாள் பதறவில்லை. அடுப்பிலிருந்து கஞ்சித் தண்ணீரை மண்சட்டியில் ஊற்றி, கொஞ்சம் பச்சைத் தண்ணீர் விளாவி, முதலில் தன் கையை விட்டுப் பார்த்தாள். பிறகு என் கையை மணிக்கட்டுவரை அமுக்கினாள்.

“சுடுதா?”

“சுடுகிறது.”

“பொறுக்க ஒக்குமா?”

“முடியும்.”

“அப்போ இன்னும் கொஞ்சம் ஊத்தலாம்.”

ஊற்றினாள். ஆற ஆற மறுபடி ஊற்றினாள். பேடிக்க வேண்டாம், இதனால் யாரும் சாவதில்லை, வலி மட்டும் தன் வேலையைக் காட்டிவிட்டுப் போகும் என்றாள். பாம்புக்கு இருப்பதுபோல் பை ஒன்றும் கிடையாது, முள்ளுக்கே இரண்டு பக்கமும் பள்ளம், அதில்தான் விஷம் என்று சூசை விளக்கினார். அதைப் பிறகொரு நாள் சொல்லியிருக்கலாம். ஆனால் முக்கால் மணி நேரத்தில், கம்பி ஆறுவதுபோல, வலி அக்குளிலிருந்து முழங்கைக்கும் முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கும் இறங்கியது. கடைசியில் கட்டைவிரலில் வெறும் துடிப்பு மட்டும் மிஞ்சியது. எனக்குக் கண்ணீர் வந்தது. வலித்தபோது வராத கண்ணீர்.

திரும்பும் வழியில் நெய்யூரில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். முள் உடைந்து உள்ளே இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. சுடுநீர் வைத்தது யார் என்று கேட்டார். சொன்னேன். “நானும் அதைத்தான் செய்திருப்பேன். நாளைக்கு ஒரு நாள் கைக்கு ஓய்வு கொடுங்கள்” என்றார்.

ஓய்வு நாளில் செல்லையா என்னைத் திற்பரப்பு அருவிக்குக் கூட்டிப்போனார். கோதையாற்றில் தண்ணீர் குறைவு. ஆனாலும் அகலப் பாறையிலிருந்து அது விழுகிற வேகத்துக்கு என் முதுகு போதவில்லை. வலக்கையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டே குளித்தேன். “யாருக்கு ஆசீர்வாதம் பண்ணுதாரு?” என்று பின்னால் ஒருவர் இன்னொருவரைக் கேட்டது காதில் விழுந்தது.

குளித்துவிட்டு ஆழமில்லாத இடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். கல்லில் படிந்த பாசியைச் சின்னச் சின்ன ஆற்று மீன்கள் கொறித்துக்கொண்டிருந்தன. தலை கீழே, வால் மேலே. சட்டென்று உறைத்தது. மூன்று வருஷமாக எல்லா மீனையும் நான் தட்டில் வைத்த கரண்டிபோலப் படுக்கைவசமாகவே வரைந்திருக்கிறேன். சாடியில் அப்படித்தானே கிடக்கும். மேய்கிற மீன் சாய்ந்துதான் நிற்கும், ஆடு குனிவதுபோல. செல்லையாவிடம் சொன்னேன். அவர், “அது எல்லாருக்கும் தெரியுமே சார்” என்றார்.

ஐந்தாம் நாள். விரலில் வீக்கம் வடிந்துவிட்டது. தூரிகையைப் பிடித்துப் பார்த்தேன், முதல் கோடு வளைந்தது, அடுத்தது நேராக வந்தது. முட்டத்துக்குப் போனால் பாறைக் குழி காலி. கடல் ஏற்றத்தில் அலை குழிவரை வந்து இரண்டு ஓராவையும் கொண்டுபோயிருந்தது. மறுநாள் நான் ஊர் திரும்பியாகவேண்டும். குழியின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

“சவம், போனாப் போட்டு” என்றார் சூசை. “குழியிலே கிடக்க மீனு மேயுமா? வாங்க, மேயுத இடத்துக்கே போவோம்.”

பாறைகளைச் சுற்றித் தென்புறம் போனோம். அங்கே ஒரு பாறை கடலுக்குமேல் நாக்கு நீட்டினாற்போல் இருந்தது. அதன் நுனியில் என்னைக் குப்புறப் படுக்கச் சொன்னார். தலையும் தோளும் தண்ணீருக்குமேல் நீட்டியிருந்தன, காகிதமும் வண்ணப் பெட்டியும் பக்கத்தில் பாறைமேல். நான் வழுக்காமல் இருக்க, சூசை என் கால்கள்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். செல்லையா குடை பிடித்தார். வண்ணங்கள் காயக்கூடாது என்பதற்காகவாம். என் தலையில் வெயில் அடித்தது.

ஏற்றம் தொடங்கியிருந்தது. தண்ணீர் மெல்ல மெல்லப் பாசிப் பாறைமேல் ஏறியது. சற்று நேரம் பாசி மட்டும் ஆடியது. பிறகு, நீலத்திலிருந்து ஒரு கூட்டம் வந்தது. முப்பது இருக்கும், நாற்பது இருக்கும். பாறை விளிம்புக்கு வந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் தலையைச் சாய்த்தன. மேய ஆரம்பித்தன.

முதுகு முற்றிய பாசியின் பச்சை. அது விலாவில் இறங்கும்போது தேன் கலந்ததுபோல் ஆகி, வயிற்றில் வெள்ளியாகிறது. உடம்பு முழுக்க முத்து நிறப் புள்ளிகள், சிலவற்றில் நீலச் சாயல். மேல் உதடு நிற்காமல் துடிக்கிறது. கொறிப்பதும், இரண்டடி நகர்வதும், மறுபடி கொறிப்பதும். ஒவ்வொன்றின் முதுகுச் சிறகும் மடங்கியே இருந்தது. என் நிழல் அசைந்தபோது மட்டும் அத்தனையும் ஒரே கணத்தில் விரிந்தன. முள் முள்ளாக. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். முட்கள் மெல்ல மடங்கின. மறுபடி மேய்ச்சல்.

“பாத்தியளா?” என்று சூசை பின்னாலிருந்து கேட்டார்.

தலையை ஆட்டினேன். சந்தோஷத்தில் தூரிகையும் சேர்ந்து ஆடியது, அதனால் படத்தில் ஒரு கோடு இன்றைக்கும் சற்றுக் கோணல். இரண்டு மணி நேரம் அப்படியே கிடந்தேன். ஓரா போனபிறகு என் கால்கள் இருக்கின்றனவா என்றே தெரியவில்லை. இரண்டு பேருமாகத் தூக்கி நிறுத்தினார்கள்.

படம் ஈரமாகவே திரேசம்மாளிடம் கொண்டுபோனேன். அவள் ஓலைக்கீற்று நிழலில் உட்கார்ந்து மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, படத்தைத் தொடாமல் குனிந்து பார்த்தாள்.

“நிறம் சரி. கண்ணும் சரி. ஒரு முள்ளு குறையுது.”

“எண்ணித்தான் போட்டேன். முதுகில் பதின்மூன்று, வாலடியில் ஏழு.”

“அது கிடக்கட்டு. அடிவயித்துச் சிறகைப் பாருங்க.”

பெட்டியிலிருந்து ஒரு ஓராவைத் துணியால் பிடித்து எடுத்து, வயிற்றுச் சிறகை விரல் நுனியால் விரித்துக் காட்டினாள். மற்ற மீன்களுக்கு அந்தச் சிறகின் முன்விளிம்பில் மட்டும்தான் முள். இதற்கு முன்னாலும் ஒன்று, பின்னால், வயிற்றை ஒட்டினாற்போல், இன்னொன்று. நடுவில் மென்மையான சிறகு. சாடி மீனில் அது உடம்போடு ஒட்டிப்போயிருந்தது, நான் கவனிக்கவே இல்லை.

“எல்லாரும் முதுகைத்தான் பாத்துப் பிடிப்பாங்க. என்னை எப்பவும் இதுதான் குத்தும்” என்றாள்.

அங்கேயே உட்கார்ந்து, அவள் மீனைப் பிடித்துக்கொண்டிருக்க, மெல்லிய தூரிகையால் அந்த முள்ளை வரைந்தேன். ஒரே ஒரு இழுப்பு. செல்லையாவும் சூசையும் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்கள். பிற்பாடு சென்னையில் பேராசிரியர் லென்ஸை வைத்து அந்த இடத்தில்தான் அதிக நேரம் நின்றார். பிறகு படத்தை அச்சுக்கட்டை செய்பவருக்கு அனுப்பினார். போட்டோப் பேச்சு அதோடு போயிற்று, மற்ற இருபத்தொன்பதையும் கடற்கரை கடற்கரையாகப் போய்த் திரும்ப வரைந்தேன். ஆனால் அவர் முடிவு சொல்வதற்கு முன்பே எனக்கு முட்டத்தில் முடிவு தெரிந்துவிட்டது.

வரைந்து முடித்ததும் திரேசம்மாள் படத்தை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். வயிற்றுப் பக்கம் விரல் போனதும் நிறுத்திக்கொண்டாள். பிறகு காகிதத்தை மேல் மூலையில், வால் பக்கமாகப் பிடித்து வாங்கினாள்.

“கொள்ளாம்” என்றாள்.